ஈர்க்கு வைத்த ஆணிகள்

ஹெல்மெட்டை மாட்டப் போனேன். தட்டு சுவரை விட்டுக் கழன்று ஹெல்மெட்டோடு சேர்ந்து கையில் வந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. திருகோணமலையில் பாதிப் படகுகளுக்கு உள்ளே கதிரையும் அலுமாரியும் பூட்டிக் கொடுத்தவள் நான். என் பட்டறைச் சுவரில் ஒரு சின்னத் தட்டு நாலு நாள் நிற்கவில்லை. திங்கட்கிழமை நான்தான் அதைப் பூட்டினேன். தட்டின் பின்பக்கம் நாலு ஸ்குரூ ஆணிகளும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. சுவர்ச் சட்டத்தில் இருந்த துளைக்குள் விரல் நகத்தால் சுரண்டினேன். காய்ந்து சுருங்கிய ஈர்க்குத் துண்டுகள் பொலபொலவென்று விழுந்தன.

அவற்றைக் கண்டதும் சிரிப்பு நின்றது. கரவனின் மேல் அலுமாரியையும் அதே திங்கட்கிழமை, அதே விளக்குமாற்று ஈர்க்கை வைத்துத்தான் பூட்டியிருந்தேன். அந்த அலுமாரிக்கு நேர் கீழே ஒரு கட்டில். அந்தக் கட்டிலில் என் மகள் தினுஷா படுத்திருப்பாள். ஏழு வயது. கரவன் இப்போது திரியாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் என் புருஷன் றெக்சன்.

கரவன் என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் வான் என்றுதான் நினைப்பார்கள். இது வான் இல்லை. யாரோ கொழும்பில் ஒரு பழைய பஸ்ஸின் சீற்றை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே கட்டில், குசினி, மேசை, அலுமாரி எல்லாம் வைத்துச் செய்த ஓடுகிற வீடு. உப்புவெளியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற முத்தலிப் நானா அதை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சுற்றுலா வருகிற ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிற எண்ணம். கொழும்பிலிருந்து இங்கே வந்த அந்த ஒரே ஓட்டத்தில் உள்ளே ஓர் ஆணி மிச்சமில்லாமல் ஆட்டம் கண்டுவிட்டது. மேசையைத் தொட்டால் மேசை தலையாட்டியது. அலுமாரியைத் திறந்தால் கதவு கையோடு வந்தது. "தங்கச்சி, இதுக்குள்ள ஏறினா வீட்டுக்குள்ள இருக்கிற மாதிரி இல்ல, பூமி நடுக்கத்துக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் நானா.

படகு வேலை செய்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது. தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சு படித்த பதினெட்டுப் பேரில் நான் ஒருத்திதான் பெண். அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு ஒருவரும் வேலை சொல்லித்தர வேண்டியதில்லை என்கிற திமிர் எனக்கு உண்டு. மறைக்கவில்லை.

ஓடுகிற வண்டிக்குள் மரமெல்லாம் மெல்லிசுப் பலகை. குலுங்கக் குலுங்க ஆணியின் துளை பெருத்துவிடும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் ஆணி சும்மா சுற்றிக்கொண்டு நிற்கும். மேசைக்கும் கட்டிலுக்கும் போல்ட் போட்டு மறுபக்கம் நட்டு வைத்து இறுக்கிவிட்டேன். அதில் குறையில்லை. மேல் அலுமாரிக்கு அது ஏலாது. அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை, அதற்குப் பின்னால் வண்டியின் வெளித் தகரம். நீள ஆணி போட்டால் வெளியே முள்ளுப் போல வந்து நிற்கும். கட்டை ஆணிதான் போடவேண்டும். கட்டை ஆணி பிடிக்க, பெருத்த துளையை எதையாவது வைத்து அடைக்கவேண்டும்.

வீட்டுத் தச்சர் என்றால் மரக்குச்சியை ஒட்டுகிற கம்மில் தோய்த்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டுத்தான் ஆணியைத் தொடுவார். படகுக்காரருக்கு அந்தப் பொறுமை இல்லை, தேவையும் இல்லை. ஈர்க்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு, முறித்து, துளைக்குள் நெருக்கிச் செருகி, அப்படியே ஆணியை ஏற்றுவோம். படகு கடலுக்குள் இறங்கிவிட்டால் ஈரத்தில் மரம் ஊதும், ஈர்க்கும் ஊதும், மூன்றாம் நாள் அந்த ஆணியை யானை வந்து இழுத்தாலும் வராது. பன்னிரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு படகும் பழுது என்று திரும்பி வரவில்லை. கடல் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கரவன் கடலுக்குள் இறங்காது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கைக்குத் தெரியவில்லை. கை பழகினபடி செய்துவிட்டது. இப்போது ஆவணி, கச்சான் காற்று அடிக்கிற காலம். கொடியில் போட்ட சீலை அரை மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று காய்கிறது. ஈர்க்கு காயாமல் இருக்குமா?

றெக்சன் அன்றைக்கு வந்து நின்று பார்த்தவர். "ஜெசி, கம் வைக்கேல்லையோ?" என்று கேட்டவர்.

"நீங்கள் ஸ்டியரிங்கைப் பாருங்கோ. ஆணியை நான் பாக்கிறன்" என்றேன். அவர் போய்விட்டார்.

நான் போனை எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தரம் பிழையாக அழுத்தினேன். மூன்றாவது தரம் மணி போனது. எடுத்தார்.

"ஓம், சொல்லும்."

வண்டிச் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. நான் வாயைத் திறக்க முன்னமே அவருக்குப் பக்கத்தில் இருந்த முத்தலிப் நானாவின் குரல் குறுக்கே வந்தது.

"தங்கச்சி! வேலை எண்டா இதுதான் வேலை! நிலாவெளி தாண்டிட்டம், உள்ளுக்கு ஒரு சத்தம் இல்ல. என்ட கூட்டாளி ஒருத்தர்ட்ட இப்படி ரெண்டு வண்டி கிடக்கு. இப்பதான் அவருக்குப் போன் பண்ணிச் சொன்னன், திருகோணமலையில ஒரு ஆள் இருக்கு, ஆம்பிளையள் தோத்துப்போவாங்க எண்டு."

சொல்லவேண்டியது ஒரு வசனம். அலுமாரி விழப்போகுது, வண்டியை நிற்பாட்டுங்கோ. அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தை நானாவின் காதுபடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை நான் எத்தனை வருடம் இருந்தாலும் மறக்கமாட்டேன். பெற்ற பிள்ளை ஒரு பக்கம், என் பெயர் ஒரு பக்கம். நான் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை எங்க?" என்று கேட்டேன்.

றெக்சன் கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் சொன்னார். "பின்னால. நல்ல நித்திரை."

"மெதுவா ஓடுங்கோ."

"மெதுவாத்தான் ஓடுறன்."

"மேடு பள்ளம் பாத்து..."

"ஓம், ஓம்" என்றார். போன் நின்றுவிட்டது.

நித்திரை. காலையில் நான்தான் குசினிக்குள் இருந்து கத்திச் சொன்னேன்: "அவளை முன்னுக்கு ஏத்தாதேங்கோ, கட்டில்ல படுக்க வையுங்கோ, தூங்கிக்கொண்டு போகட்டும்." பள்ளிக்கூட விடுமுறை. நானா கடற்கரையில் வண்டியை நிறுத்தி விளம்பரத்துக்குப் படம் எடுக்கப் போகிறார் என்றதும் தானும் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள். நான்தான் சரி என்றேன். அதுமட்டுமா? நானாவின் மனைவி ரபீக்கா அந்த அலுமாரிக்குள் பத்துப் பீங்கான், ஒரு ரைஸ் குக்கர், இரும்புத் தாச்சிச் சட்டி ஒன்று எல்லாம் அடுக்கியதை நேற்றுப் பின்னேரம் நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்து, "இன்னும் பாரம் தாங்கும் அக்கா" என்று பெருமையும் பேசினேன்.

மறுபடி போன் எடுத்தேன். இப்போது அந்தப் பெண் வந்துவிட்டாள். முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு இங்கிலீசில், நீங்கள் அழைக்கும் இலக்கத்தைத் தொடர்புகொள்ள முடியாது என்றாள். மூன்று பாஷையிலும் அவளை ஏசிவிட்டு ஸ்கூட்டியில் ஏறினேன். ஹெல்மெட் நிலத்தில் உருண்டு கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

உட்துறைமுக வீதியில் பார வண்டி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஹோர்ன் அடித்தேன். சாரதி கையை வெளியே போட்டு, பொறு என்று காட்டினான். பொறுக்கிறதாவது! நடைபாதையில் ஏற்றி ஓட்டினேன். சந்தையடியில் சனம். மரக்கறி வண்டில் ஒன்றில் முட்டப் பார்த்தேன். வண்டில்காரர் என்னவோ சொன்னார், நான் அதைவிடப் பெரிதாக என்னவோ சொன்னேன். உப்புவெளி வந்ததும் கொஞ்சம் வீதி விட்டது. கச்சான் காற்று பக்கவாட்டில் வந்து ஸ்கூட்டியைத் தள்ளியது. வாயெல்லாம் மணல். அந்தக் காற்றின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாலு நாளாக என் ஈர்க்கைக் காயவைத்தது இந்தக் காற்றுத்தானே. பிறகு, காற்று என்ன செய்யும், ஆவணியில் அடிக்கிற காற்று ஆவணியில் அடிக்கிறது என்று எனக்கே பட்டது. அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

தலைக்குள் கணக்கு ஓடியது. ஆணி மொத்தம் பத்து. மேலே ஆறு, கீழே நாலு. மேலே இரண்டு கழன்றால் அலுமாரி முன்பக்கம் சாயும். சாய்ந்தால் கதவு திறக்கும். கதவு திறந்தால் முதலில் வருவது தாச்சி. அதற்கு மேல் நினைக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அதற்கு மேலும் நினைத்தேன். தினுஷா ஒருக்களித்துப் படுக்கிறவள். கை இரண்டையும் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பாள்.

சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். நிற்காமல் போகப் பார்த்தேன். அவர் வீதிக்கு நடுவிலேயே வந்துவிட்டார்.

"மிஸ், ஹெல்மட் எங்க?"

"அவசரம். விடுங்கோ."

"எல்லாருக்கும் அவசரம்தான். லைசன்ஸ் எடுங்க."

எனக்குத் தெரிந்த ஒரே வழி சத்தம் போடுவது. போட்டேன். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்றேன், பெயர் என்ன என்று கேட்டேன், மேலிடத்துக்கு எழுதுவேன் என்றேன். அவர் ஒன்றுக்கும் அசையவில்லை. புத்தகத்தை எடுத்து, பேனாவைத் தட்டி, மெல்ல எழுதத் தொடங்கினார். நான் கத்தக் கத்த அவருடைய பேனா இன்னும் மெதுவாக ஓடியது. கத்தினால் காரியம் நடக்காத ஓர் ஆளை அன்றைக்குத்தான் கண்டேன்.

கத்துவதை விட்டேன். ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "ஐயா, முன்னால ஒரு கரவன் போகுது. அதுக்குள்ள நான் பூட்டின அலுமாரி ஒண்டு கிடக்கு. அதுக்குக் கீழ என்ர பிள்ளை படுத்திருக்கு. நான் பூட்டினது பிழை. அது விழப்போகுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்ன வேகத்தில் முழுவதும் விளங்கியதோ தெரியாது. பிழை என்ற சொல்லும் பிள்ளை என்ற சொல்லும் விளங்கியிருக்கவேண்டும். புத்தகத்தை மூடினார். பக்கத்தில் செவ்விளநீர் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் போய், அவளுடைய மோட்டார் சைக்கிளில் தொங்கிய ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு வந்து என் கையில் தந்தார். "திரும்பி வரக்க அவங்ககிட்ட குடுங்க. இப்ப போங்க."

நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. அந்த ஹெல்மெட் எனக்குப் பெரிது. மேட்டில் ஏறுகிறபோதெல்லாம் கண்ணில் வந்து விழுந்தது. தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டு ஓட்டினேன். நான் பூட்டினது பிழை. மூன்று சொல். முன்பின் தெரியாத ஒரு பொலிஸ்காரருக்குச் சொல்ல முடிந்தது. பன்னிரண்டு வருடம் ஒரே பாயில் படுத்த மனுஷனுக்குச் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரமில்லாமலும் இருந்தது.

நிலாவெளியில் நின்று போன் எடுத்தேன். அதே பெண். இறக்கக்கண்டிப் பாலத்தில் மாடுகள் வரிசையாகப் படுத்துக்கிடந்தன. ஒன்று எழும்ப மனமில்லாமல் என்னைப் பார்த்தது. குச்சவெளியில் வீதி வேலை, ஒரு பக்கம் அடைத்திருந்தார்கள். அந்த இடத்தில் வீதி முழுக்கக் கிரவல் கல். ஸ்கூட்டியே துள்ளியது. இதில்தானே அந்த வண்டியும் ஏறி இறங்கியிருக்கும். வீதியோரத்தில் எங்காவது கரவன் நிற்கிறதா, சனம் கூடி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். நிற்கவில்லை என்றபோது நிம்மதி வரவில்லை. நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

திரியாயில் கடற்கரைக்குத் திரும்புகிற மணல் பாதையில் டயர்த் தடம் கிடந்தது. பெரிய வண்டியின் தடம். அதைப் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டு தரம் சறுக்கியது. பூவரச மரங்களுக்குக் கீழே வெள்ளை நிறத்தில் கரவன் நின்றது. கதவு திறந்து கிடந்தது. ஸ்கூட்டியை நிறுத்தினேனா, மணலில் போட்டேனா தெரியாது. ஓடி ஏறினேன்.

கட்டில் வெறுமையாக இருந்தது.

பிள்ளை இல்லை. மேலே அலுமாரி இருந்தது. விழவில்லை. நீல நைலோன் கயிறு, வலைக்குப் போடுகிற கயிறு, அலுமாரியைச் சுற்றி மூன்று சுற்று. பஸ்ஸாக இருந்த காலத்து மேல் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்தேன். அது றெக்சனின் முடிச்சு. அலுமாரிக் கதவைத் திறந்தேன், உள்ளே ஒன்றுமில்லை. தாச்சியும் ரைஸ் குக்கரும் பீங்கான்களும் மேசைக்குக் கீழே, பழைய பெட்சீற் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. பின்பக்கத்து வாங்கில் அவருடைய சேர்ட் மடித்துத் தலையணையாகக் கிடந்தது. பிள்ளை அதில்தான் படுத்து வந்திருக்கிறாள்.

வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. தினுஷா கடற்கரையில் நண்டுப் பொந்து ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தாள். படியில் நின்றபடி அவளையே பார்த்தேன். கண்ணீர் வந்தது. யாருக்கும் தெரியாமல் துடைக்கவும் தோன்றவில்லை.

முத்தலிப் நானா போனும் கையுமாக வந்தார். "ஆ, யோசனை சொன்ன ஆளே வந்திட்டாங்க! தங்கச்சி, அந்தக் கயிறு கட்டச் சொன்னீங்க பாருங்க, அதுதான் தொழில் தெரிஞ்ச ஆளுட மூளை. முதல் ஓட்டம், எல்லாம் இருந்து பழகுமட்டும் கயிறு கிடக்கட்டும், அலுமாரிய வெறுமையா விடுங்க எண்டு நீங்கதான் சொல்லி அனுப்பினதா றெக்சன் சொன்னார்."

றெக்சன் அவருக்குப் பின்னால் நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முன் டயரைப் பார்த்தார், டயரில் ஏதோ பெரிய காரியம் இருக்கிற மாதிரி.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானா சந்தோஷமாக இருந்தார், பிள்ளை சுகமாக இருந்தாள், என் பெயர் முன்னையைவிட உயர்ந்து நின்றது. அந்தப் பெயரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

"நானா, உள்ளுக்கு வாங்கோ" என்றேன்.

அவரைக் கூட்டிக்கொண்டு போய் அலுமாரிக்குக் கீழே நிற்கவைத்தேன். கயிற்றுக்கு இடையால் கையை விட்டு மேல் ஆணி ஒன்றைப் பிடித்து, விரலால் இழுத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். பிறகு இரண்டாவது. மூன்றாவது. ஏழு ஆணி அப்படி வந்தது. மூன்றுதான் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நின்றன.

"கயிறு என்ர யோசனை இல்லை. நான் படகுக்குச் செய்யிற மாதிரி ஈர ஈர்க்கு வைச்சுப் பூட்டிட்டன். காஞ்சு சுருங்கிட்டுது. காலமை போன் எடுக்கேக்கயே எனக்குத் தெரியும். நீங்கள் புகழுறதைக் கேட்டுட்டுச் சொல்லாமல் வைச்சிட்டன்."

நானா கையில் இருந்த ஆணிகளை ஒன்றொன்றாகப் பார்த்தார். "நேத்துப் பின்னேரம் நானும் ரபீக்காவும் இந்தக் கட்டில்ல படுத்துப் பாத்தம்" என்றார் மெதுவாக. "அல்லாஹ் காப்பாத்தினான்." ஆணிகளைக் கைக்குள் மூடினார். "இனி எப்படிச் செய்யப் போறீங்க?"

"கம் வைச்சு அடைச்சு, கீழால மரச்சட்டம் குடுத்து, மேல் கம்பியோட இரும்புப் பட்டி போட்டுப் பூட்டித் தாறன். மூண்டு நாள் வண்டி அசையக் கூடாது."

"செய்ங்க" என்றார். ஆணிகளை என் கையில் தந்துவிட்டு இறங்கிப் போனார். கூட்டாளியின் இரண்டு வண்டிகளின் கதையை அவர் பிறகு எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தினுஷா ஓடி வந்து ஈரக் கையால் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளை நெரித்துப் பிடித்தேன். நோகுது அம்மா என்றாள். பிறகு கயிற்றைக் காட்டி, "இது உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டாள். "இது அம்மாட்டச் சொல்லாத கதையெல்லோ!"

"அது என்ன கதை?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு தகப்பனைப் பார்த்தாள். "அப்பாவும் நானும் வைச்சிருக்கிறம். நிறையக் கிடக்கு" என்று விரலுக்கு இடையால் சொல்லிவிட்டு நண்டுப் பொந்துக்கே ஓடிவிட்டாள்.

றெக்சன் கரவன் படியில் இருந்தார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"சொல்லத்தான் வந்தனான், ஜெசி. காலமை பிள்ளை கட்டில்ல ஏறி அலுமாரியைப் பிடிச்சவ, அது ஒரு விரலளவு முன்னுக்கு வந்துட்டுது. உடன உள்ளுக்கு வந்தனான். நீர் தண்ணிப் போத்தில்ர மூடியைக் காணேல்ல எண்டு பேசிக்கொண்டு நிண்டனீர். ஒரு மூடிக்கே அந்தப் பேச்சு. உம்மட வேலையில பிழை எண்டு சொன்னா என்ன நடக்கும் எண்டு யோசிச்சன். கயிறு கட்டுறது சுகமாப் பட்டுது."

"ஏன், நான் என்ன கடிச்சுத் திண்டிருப்பனோ?"

அது தன்பாட்டில் வந்துவிட்டது. நானா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வந்தது. றெக்சனின் முகம் என் கண்ணுக்கு முன்னாலேயே மூடிக்கொண்டது. கோபமில்லை, பயமும் இல்லை. கடைக்காரன் மத்தியானம் கதவைச் சாத்துகிற மாதிரி, வழக்கமாகச் சாத்துகிற ஆள் சாத்துகிற மாதிரி மூடிக்கொண்டது. இந்த முகத்தை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மனுஷன் நல்ல பொறுமைசாலி என்று அக்கம்பக்கத்தில் சொல்லியும் இருக்கிறேன்.

பல்லைக் கடித்துக்கொண்டேன். "பிழை" என்றேன். இன்றைக்கு அந்தச் சொல் கொஞ்சம் பழகியிருந்தது. "கத்தமாட்டன். எத்தனை கிடக்கு?"

"என்ன எத்தனை?"

"அம்மாட்டச் சொல்லாத கதை."

அவர் கடலைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இருந்து கேக்கிறீரோ?"

காலையிலிருந்து நான் ஓரிடத்தில் உட்கார்ந்து இருக்கவில்லை. காலையிலிருந்து என்ன, கலியாணம் கட்டினதிலிருந்தே அந்த மனுஷனுக்கு முன்னால் ஒரு கதை கேட்கவென்று நான் இருந்ததாக நினைவில்லை. மணலில் இருந்தேன். கைகள் சும்மா இருக்கமாட்டேன் என்றன. இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்த்திக்கொண்டேன்.

றெக்சன் சின்ன விரலை மடித்தார். "பிள்ளையின்ர கணக்குப் பேப்பர். முப்பத்தெட்டு. நான்தான் சைன் வைச்சுக் குடுத்தனான்."

நாக்கின் நுனிக்கு ஒரு மூட்டை ஏச்சு வந்து நின்றது. விழுங்கினேன்.

நான் ஏசவில்லை என்று கண்டதும் அவர் அடுத்த விரலை மடித்தார். குரல் இன்னும் இறங்கியது. "எனக்குச் சீனி வருத்தம். மாசியில கிளினிக்கில சொன்னவை. குளிசை எடுக்கிறன். வண்டிக்குள்ள வைச்சுத்தான் எடுக்கிறன்."

மாசி, பங்குனி, சித்திரை. மனதுக்குள் எண்ணினேன். ஆறு மாதம். ஆறு மாதமாக விடிய எழும்பி நான் ஊற்றிக் கொடுத்த பால் தேத்தண்ணியை, இனிப்புப் போதுமோ என்று நான் கேட்க, ஓம் ஓம் என்று சொல்லிக் குடித்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, கத்தலும் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு இனி வாயில்லை.

"மூண்டாவது?" என்றேன்.

அவர் மூன்றாவது விரலை மடித்தார்.